மழைப்பெயர் பதிவு

மழை பொய்த்த ஆண்டில்
மழைப் பெயர்கள் கூடிவிடும்.
அரசாங்கக் கணக்கில் இது வராது,
என் பேனா அறிந்த கணக்கு.
போன குளிர்காலத்திலிருந்து
இந்த மஆன் பதிவகத்தில்
துயர் தீர்க்கும் மழையாக ஒன்பது கைத்,
தூறலாக நான்கு ரிஹாம்,
கார்மேகமாக மூன்று முஸ்ன்,
ஒரே ஒரு வாபில்.
வாபில் என்றால் கொட்டித் தீர்ப்பது.
அவன் தகப்பன் தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.

எனக்கே மத்தர் என்று பெயர். வெறும் மழை.
வேதத்தில் அந்தச் சொல் இறங்கும் இடங்களில்
பெரும்பாலும் ஏதோ ஓர் ஊர் அழிகிறது.
காலையில் நான் படியேறினால்
"மத்தர் வந்தாச்சு, குடையை விரி" என்பான் காவலாளி.
இருபத்தோரு வருடமாக அதே சிரிப்பு.

அன்று எண் பதினேழு.
டயர் கடை தவ்கான். அவன் மனைவி ரவ்தா,
துனீசியாவின் கஃப்ஸாவிலிருந்து வாழ வந்தவள்.
துணிப்பொதிக்குள் பிறந்து ஒன்பது நாள்.
"பெயர்?"
"டீமா" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.
அத்தை பெயரா மாமியார் பெயரா என்று
மண்டை உடைந்த மேசை இது,
இப்படி ஒத்துப்போகிறவர்கள் அபூர்வம்.
"கடைசி எழுத்து?" என்றேன்.

அங்கேதான் பிடித்தது.

தலையில் இரு புள்ளி வைத்த முடிச்சு என்றான் அவன்.
நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கோடு என்றாள் அவள்.
காதுக்கு வித்தியாசமே இல்லை.

முடிச்சோடு எழுதினால்
இடியில்லாமல், மின்னலில்லாமல்
பகலில் மூன்றில் ஒரு பங்காவது
நின்று பெய்யும் மழை.
கூரையைப் பிய்க்காது, ஓடையைக் கிளப்பிவிடாது,
மண் கேட்கும் வேகத்தில் மண்ணுக்குள் போகும்.
"என் ஆயுளில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்"
விரல் விட்டுக் காட்டினான் தவ்கான்.
ரப்பர் கரி ஏறிய விரல்கள்.

கோட்டோடு எழுதினால்
அவள் ஊர்ப் பேச்சில்
"எப்போதும்".
எப்போதும் ரொட்டி கருகுகிறது,
எப்போதும் ரயில் தாமதம்,
போனை எடுத்தால் என் தங்கை எப்போதும் அழுகிறாள்
என்கிறபோது வாயில் புரளுகிற சின்னச் சொல்.
"இதைப் போய் யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா?"
"மாட்டார்கள்" என்றாள் ரவ்தா. "அதனால்தான்."

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை:
நீடித்தல். விட்டுவிடாதிருத்தல்.
சொல்லியிருக்கலாம்.
எண் பதினெட்டு இருமியது.
கணினிக்கு ஓர் எழுத்துதான் வேண்டும்.
அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
வெளியே புழுதி.
நான் முடிச்சைப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.
தடுப்பூசி அட்டையில் செவிலி கோடு இழுத்துவிட்டாளாம்.
பிறப்புச் சான்றிதழில் மழை,
போலியோ சொட்டில் எப்போதும்.
"நாளைக்குப் பள்ளிக்கூடத்தில்
இவளை இரண்டு பிள்ளை என்பார்களா?" கொதித்தான் தவ்கான்.
ரவ்தா அட்டையைக் கைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.
செவிலிக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னது யாரென்று
நான் கேட்கவில்லை.

விதி விதிதான். திருத்த மனு எழுதி
முத்திரை குத்திக் கையெழுத்துக்கு நீட்டினேன்.
பிள்ளை மேசைமேல் குப்புறச் சாய்ந்து
என் பெயர்ப்பலகையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
பல் முளைக்கும் பருவம்.
வாயோரத்திலிருந்து
சத்தமில்லாமல், அவசரமில்லாமல்
மனுவின் மேல், ஈர முத்திரையின் மேல்,
என் சட்டைக் கையின் மேல்
இறங்கிக்கொண்டே இருந்தது.

துடைக்க நீண்ட தவ்கான் கை
பாதியில் நின்றது.
வேறு படிவம் எடுக்கவேண்டும்.
மேலறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது.
நான் எண் இருபத்தாறைக் கூப்பிட்டேன்.